மோட்டார் ரூமில் கிடந்த கூடைகள்

"உங்கள யாரு மதினி உண்மையச் சொல்லச் சொன்னது?"

போன மாதம் ஓடைப்பட்டியில், ஒரு திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் நின்று நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இது. கேட்டவள் செல்வி. என் சித்தப்பா மகன் முருகேசனின் மனைவி. சாதாரணமாக அதிர்ந்து பேசமாட்டாள். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில், பந்தலுக்கு அடியில் பழம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

கேள்வி நியாயமானதாயிற்றே! யாரும் என்னை உண்மை சொல்லச் சொல்லவில்லை. சொல்லிவிடாதீர்கள் என்றுதான் அவள் கெஞ்சியிருந்தாள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

முருகேசன் லாரி டிரைவர், சொந்த வண்டி. சின்னமனூர், கம்பம் பக்கத்துக் காய்கறியை ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கேரளாவுக்குப் போவான். "அந்தக் கொண்டை ஊசி வளைவெல்லாம் நான் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்க்கா" என்பான். பேச்சுக்குச் சொல்வதுதான். பிறகு சர்க்கரை வந்தது. வந்த சர்க்கரையை அவன் ஒரு விருந்தாளியாகக்கூட மதிக்கவில்லை. மாத்திரை ஒரு நாள் உண்டு, மூன்று நாள் இல்லை. வழியில் நிறுத்தும் கடைகளில் பரோட்டாவும் பழம்பொரியும் மட்டும் தவறியதில்லை.

ஒரு நாள் எதிரே வந்த பஸ்ஸின் பெயர்ப்பலகையில் பாதி எழுத்து காணாமல் போயிருந்தது. மதுரைக்குக் கூட்டிப்போனோம். ரெட்டினா என்றார்கள், லேசர் என்றார்கள், ஊசி போட்டார்கள். கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. கடைசியில் வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் தெரிகிற அளவில் வந்து நின்றுவிட்டது.

வண்டியை விற்றார்கள். செல்வி திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போக ஆரம்பித்தாள். முருகேசன் வீட்டுக்குள் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. தெருவில் இறங்கமாட்டான். யாராவது பார்க்க வந்தால் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வான். "கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற கோலத்துல எவனும் என்னையப் பாக்க வேணாம்" என்று ஒரே பிடிவாதம்.

அவனைக் கொஞ்சமாவது அசைத்தது பாண்டி.

பாண்டி சின்னமனூரில் கூடை பின்னி விற்பவன். முருகேசன் வயதுதான். ஈத்தை என்று ஒன்று உண்டு... மூங்கில் ஜாதி, ஆனால் விரல் தடிமன்தான் இருக்கும், மூங்கிலைவிட வளைந்து கொடுக்கும். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும். பாண்டிக்கு ஈத்தைக் கட்டு பல வருடம் முருகேசன் லாரியில்தான் இறங்கியது. அந்தச் சிநேகம்.

கூடை யார் வாங்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பாண்டிக்கு ஆர்டரைப் பார்த்து முடியவில்லை. தேக்கடி, மூணாறு பக்கத்து ரிசார்ட்டுகளில் அறைக்கு ஒரு கூடை பழம் வைக்கிறார்களாம். வட்டமாக, கைப்பிடியோடு, போட்டோவில் அழகாக விழுகிற கூடை வேண்டுமாம். பின்னுவதற்கு ஆள் போதவில்லை. ஒரு நாள் ஈத்தையை நீளமாகக் கீறி எடுத்த பிளாச்சு ஒரு கட்டைக் கொண்டுவந்து முருகேசன் மடியில் போட்டான்.

"சும்மாதான கெடக்கு உங் கையி. இதப் புடி."

"ஏலே, கண்ணு தெரியாதவன்கிட்ட வந்து..."

"கூடைய எவன்டா கண்ணால பின்றான்? கையாலதான பின்றோம்!"

இந்த ஒரு வாக்கியம் எப்படியோ உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

பாண்டி கையைப் பிடித்து வைத்தே காட்டிக்கொடுத்தான். முதலில் தடித்த பிளாச்சுகளை நட்சத்திரம் மாதிரி குறுக்கும் நெடுக்கும் வைத்து அடி கட்டவேண்டும். அதன் முனைகளை மேலே மடக்கி நிறுத்தினால் அதுதான் கூடையின் எலும்பு. மெல்லிய பிளாச்சை ஊறவைத்து, ஒன்றுக்கு உள்ளே, அடுத்ததற்கு வெளியே என்று சுற்றிச் சுற்றி ஏற்றவேண்டும். மேலே வாயைக் கட்டி, கடைசியில் ஒரு தடித்த கம்பை வளைத்துக் கைப்பிடி சொருகவேண்டும். கேட்க எளிது. பிளாச்சின் ஓரம் பிளேடு மாதிரி. முருகேசனின் விரல் நுனியெல்லாம் கீறல். விடவில்லை.

முதல் கூடை முடிந்ததும் செல்வி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். நான் அவன் போனுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. நல்லவேளை, அவன் போன் எல்லாவற்றையும் வாய்விட்டு வாசிக்கும்!

அந்தக் கூடையைச் செல்வி தோட்டத்துக்கே எடுத்துப் போனாள். பன்னீர் திராட்சை தலைக்கு மேலே பந்தலில் தொங்கும். ஒரு கையால் குலையைத் தாங்கி, இன்னொரு கையால் வெட்டவேண்டும். கைப்பிடி உள்ள கூடை என்றால் முழங்கையில் மாட்டிக்கொள்ளலாம். ‘உங்க கூடைதான் இன்னிக்கும். அத்தன பேரும் கேக்குறாக’ என்று சாயங்காலம் வந்து சொல்வாளாம். முருகேசன் அடுத்த கூடையை ஆரம்பித்தான். அதற்கடுத்ததையும். போனில் அவன் குரலே மாறிவிட்டது. பழைய டிரைவர் குரல்!

இந்தச் சந்தோஷத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தேனியிலிருந்து கிளம்பிப் போனேன்.

அறுப்பு நேரம். ஞாயிறென்றும் பாராமல் செல்வி தோட்டத்தில் இருந்தாள். வீட்டுக்குப் போகும் வழிதானே என்று அங்கேயே இறங்கினேன். பார்த்தால் அவள் கையில் பிளாஸ்டிக் வாளி.

"கூடை எங்கே?" என்றேன்.

அவள் முகம் மாறியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, என்னை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போனாள். உள்ளே, உர மூட்டைக்குப் பின்னால் கூடைகள் கிடந்தன. எல்லாமே முருகேசன் பின்னியவை. எல்லாவற்றிலும் கைப்பிடி தனியாக, கூடை தனியாக.

"மொதக் கூடை ரெண்டாம் நாளே கழண்டுருச்சு மதினி. அவ்வளவு பழமும் தரையில. தோட்டத்துக்காரரு கத்திட்டாக. அடுத்ததாச்சும் நிக்கும்னு பாத்தேன்... அதுவும் அப்படியே. வீட்டுல சொல்லிராதீக மதினி. இப்பத்தான் ரெண்டு வாய் ஒழுங்காச் சாப்புடுறாக. ராத்திரி தூங்குறாக. இது தெரிஞ்சா மறுபடி சுருண்டு படுத்துருவாக."

"பாண்டிக்குத் தெரியுமா?"

"தெரியும். நல்லாருக்குன்னு சொல்லுங்கண்ணேன்னு நாந்தான் கேட்டுக்கிட்டேன்."

தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

முருகேசன் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். காலுக்கு நடுவே பாதி முடிந்த கூடை. பக்கத்தில் முடிந்த ஒன்று. என் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டான்.

"வாக்கா, இங்கன உக்காரு. இதைத் தொட்டுப் பாரு!"

தொட்டேன். ஈரம் காயாத கூடை. இறுக்கமாகத்தான் இருந்தது. வட்டம் கொஞ்சம் கோணல். ஆனால் கண்ணிருக்கும் நான் பின்னினால் அது எந்த வடிவத்திலும் சேராது.

"பாண்டி சொல்லிட்டான்க்கா. அடுத்த லோடுல எங் கூடையும் ரிசார்ட்டுக்குப் போகுது. வெள்ளக்காரன் வந்து எடுப்பான், உள்ள ஆரஞ்சு இருக்கும், ஆப்பிள் இருக்கும்..." என்று சிரித்தான். "செல்விகூட தெனம் என் கூடையத்தான் கொண்டு போறா. எப்படித் தாங்குது பாத்தியா?"

"ம்..." என்றேன்.

அந்த ‘ம்’தான் வினை. நம்மிடம் பேசுகிறவர் முகத்தைப் பார்த்து நாம் பாதி புரிந்துகொள்கிறோம். முகத்தைப் பார்க்கமுடியாதவன் குரலைப் பார்க்கிறான்.

"ஏன்க்கா இழுக்குற?"

"ஒண்ணுமில்லடா."

"அக்கா. எனக்குக் கண்ணு போனப்பறம் எல்லாரும் என்கிட்ட ஒரே மாதிரித்தான் பேசுறாக. சோத்துல உப்பு கூடன்னு நான் சொன்னா, ஆமா கூடங்குறாக. கம்மின்னு சொன்னா, ஆமா கம்மிங்குறாக. நீயாச்சும் சொல்லு. தாங்குதா, இல்லையா?"

ஒரு பக்கம் செல்வியின் கெஞ்சல். இன்னொரு பக்கம், ரிசார்ட் அறையில் யாரோ ஒருவர் கையில் கைப்பிடி மட்டும் நிற்க, பழமெல்லாம் உருண்டோடும் காட்சி. அதைவிட, இவனுக்குத் தெரியாமலே பாண்டி இந்தக் கூடைகளையும் வாங்கிப்போய் ஏதோ ஒரு மூலையில் ஒளித்துவைக்கிற காட்சி. அது இன்னும் மோசமாகப் பட்டது.

"தாங்கலடா. கைப்பிடி கழண்டுருச்சு."

"எந்தக் கூடையில?"

"நான் பாத்த வரைக்கும்... எல்லாத்துலயும்."

அவன் கை நின்றது. கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அழுவான் என்றும் பயந்தேன். இரண்டும் இல்லை. பின்னிக்கொண்டிருந்த பிளாச்சை மெதுவாகக் கீழே வைத்தான். செல்வி சொன்னது சரியாகப் போய்விட்டது, சுருண்டுதான் படுக்கப்போகிறான் என்று நினைத்தேன்.

"அதுக எங்க கெடக்கு?"

"தோட்டத்துல... மோட்டார் ரூம்ல."

"என்னையக் கூட்டிட்டுப் போ."

வாசலைத் தாண்டாதவன், சட்டையை மாட்டிக்கொண்டு என் தோளைப் பிடித்தான். தெருவில் இறங்கினோம். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். "மாமா, நல்லா இருக்கீகளா?" என்று ஒரு குரல். "இருக்கேன்யா" என்றான், நிற்காமல். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. "செகண்ட் கியர்ல போகவேண்டிய எடத்துல தேர்டுல போறான்" என்றான். அவ்வளவுதான் அவன் வழியில் பேசியது.

மோட்டார் ரூமில் உட்காரவைத்து, கூடைகளை ஒவ்வொன்றாக அவன் கையில் கொடுத்தேன். வாயைத் தடவினான். பக்கத்தை அமுக்கினான். பின்னலுக்குள் விரலை விட்டான். விரல் உள்ளே போனது! அடுத்த கூடை. அதிலும் போனது.

"லூசாயிருச்சுக்கா" என்றான் ஆச்சரியமாக. "நான் முடிச்சப்ப இப்படி இல்ல. கல்லு மாதிரி இருந்துச்சு. ஈரத்துல பின்னுனது... காய்ஞ்சதும் சுருங்கியிருக்கு. பின்னல் விட்டுக்குடுத்திருக்கு. அப்பறம் கைப்பிடி எங்குட்டு நிக்கும்?"

அந்த நேரத்தில்தான் செல்வி ஓடிவந்தாள். அவனை அங்கே பார்த்தாள். கையில் கூடையைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள். முதலில் சொன்னேனே, அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அக்காவத் திட்டாத" என்றான் முருகேசன். "நீ சொல்லு. ஏன் ஒளிச்சு வச்ச?"

செல்வி அவன் கையிலிருந்த கூடையை வாங்கப் பார்த்தாள். அவன் விடவில்லை.

"கண்ணுதான் போச்சு செல்வி. கூடை எனக்கு எப்படித் தெரியும்? தொட்டாத்தான தெரியும்? பின்னி முடிச்ச கையோட நீ எடுத்துட்டுப் போயிர்ற. காய்ஞ்சப்பறம் அது என்ன ஆச்சுன்னு என் கைக்கு வரவே இல்ல. ஒரே தப்ப ஒவ்வொரு கூடையிலயும் செஞ்சுக்கிட்டே இருந்திருக்கேன். நீ தப்ப மறைக்கல... கூடையவே எங்கிட்டருந்து மறைச்சுட்ட."

செல்வி அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதக் கூடைய எங்கிட்டக் குடுத்தப்ப நீங்க சிரிச்சீக. அப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? அது போயிரும்னு பயந்துட்டேன்... வேற ஒண்ணும் தெரியல எனக்கு."

அவன் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். நான் மோட்டாரின் ஸ்விட்ச் போர்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது?

பிறகு பாண்டிக்குப் போன் போடச் சொன்னான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏலே பாண்டி, ஈத்தை காய்ஞ்சா சுருங்குமா?"

"சுருங்கும்..."

"நீ என்ன செய்வ?"

"பின்னி நிழல்ல காயப் போடுவோம். காய்ஞ்சதும் வரிசையத் தட்டி எறக்கி இறுக்கிட்டு, அதுக்கப்பறந்தான் வாய் கட்டுறது. கைப்பிடிய அடி வரைக்கும் எறக்கிச் சொருகுவோம்."

"இத எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"உனக்குச் செரமமா இருக்கும்னுதான்ப்பா... எப்படியோ கை ஓடிக்கிட்டிருந்தாப் போதும்னு நெனச்சேன்."

"ரிசார்ட்டுக்குப் போகுதுன்னு சொன்னியே?"

யாரோ கூடை கேட்டு வந்திருப்பதாகப் பாண்டி முனகினான்.

"சரி. ஒழுங்கா வந்தா எடுத்துக்க. வரலைன்னா வரலைன்னு சொல்லு" என்று வைத்துவிட்டான்.

எனக்கு அன்று பஸ்ஸில் திரும்பும்போது இதே நினைவு. செல்வி, பாண்டி இருவரும் நல்லவர்கள். இருவருக்கும் அவன்மேல் பிரியம். அந்தப் பிரியம் சேர்ந்து செய்த வேலை என்ன? அவனுக்குக் கண்ணாக மிச்சமிருந்த விரல்களையும் கட்டிப்போட்டது!

நாம் எல்லோரும் இதைச் செய்கிறோம், இல்லையா? உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போனால் நம் குரலே வேறாகிவிடுகிறது. ‘பளிச்னு இருக்கீங்களே!’ என்கிறோம், பாதியாகிக் கிடப்பவரிடம். காது கேளாதவர் கேட்டால் ‘ஒண்ணுமில்ல, சும்மா பேசிட்டிருந்தோம்’ என்கிறோம். வீல்சேரில் இருப்பவர் டீ வேண்டும் என்றால், சர்க்கரை போடலாமா என்று தள்ளிக்கொண்டு வந்தவரிடம் கேட்கிறோம். மனது நோகக்கூடாதாம். நோகாமல் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அவர்களை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்டு, ஓரமாக உட்காரவைத்துக் கைதட்டுகிறோமே... அதற்கு என்ன பெயர்?

இதைப் படித்துவிட்டு நாளைக்கே உறவினர் வீடுகளுக்குப் போய் உண்மைகளை இறக்கி வைத்துவிடாதீர்கள். உண்மை சொல்லியே ஊரைக் காலி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் சொல்வது கேட்டவனுக்குச் சொல்லும் உண்மை. அவன் கேட்டான். அவ்வளவுதான்.

சரி, கூடை என்ன ஆயிற்று?

பின்னிய ஒன்றைக் காயவிட்டான். தினமும் விரலை விட்டுப் பார்த்தான். சுருங்கியதும் ஒரு மரக்கட்டையால் வரிசை வரிசையாகத் தட்டி இறக்கினான். மேலே இடம் கிடைத்தது. இன்னும் இரண்டு சுற்று ஏற்றினான். கைப்பிடிக் கம்பை ஊறவைத்து வளைக்கும்போது ஓர் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் விறுக்கென்று நிமிர்ந்துவிடும். செல்வி பிடித்துக்கொண்டாளாம். ஒரு தடவை நிமிர்ந்து அவள் மோவாயில் அடித்தும் விட்டதாம். அடி வரைக்கும் சொருகி, வாயோடு சேர்த்துக் கட்டினான்.

அதை அவள் தோட்டத்துக்குக் கொண்டுபோனாள். சாயங்காலம் கூடையோடு திரும்பி வந்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னாளாம்:

"கைப்பிடி நின்னுருச்சு. ஆனா தரையில வச்சா அடி ஆடுது."

அவன் தடவிப் பார்த்தான். ஆமாம், ஆடியது. சிரித்தானாம். முதல் கூடையைக் கொடுத்தபோது சிரித்த சிரிப்பா என்று செல்வியிடம் போனில் கேட்டேன். "அது வேற மதினி. இது வேற" என்றாள். என்னோடு பேசிவிட்டாள், அதுவே எனக்குப் பெரிது!

ரிசார்ட்டுக்கு இன்னும் ஒன்றும் போகவில்லை. பாண்டி வந்து பார்த்துவிட்டு, "இது ஆகாது, இது ஆகலாம்" என்று பிரித்து வைத்துவிட்டுப் போகிறானாம். ‘ஆகலாம்’ பக்கம் மெதுவாகச் சேர்கிறது. முருகேசன் சாயங்காலத்தில் டீக்கடை வரைக்கும் தானே கம்பு தட்டி நடந்து போகிறான். மாத்திரையும் தவறுவதில்லை.

போன வாரம் அவனிடமிருந்து போன். எடுத்ததும் புலம்பல்.

"ஏக்கா, செல்விகிட்ட நீ கொஞ்சம் பேசுக்கா. வாய் கோணல்ங்குறா, பின்னல் ஏறுமாறுங்குறா, கைப்பிடி ஒரு பக்கம் சாயுதுங்குறா. நேத்து பாண்டி நல்லாருக்குன்னு சொன்ன கூடையிலகூட நொட்டை கண்டுபிடிச்சுட்டா! ஒரே ஒரு தடவை, பொய்யாவாச்சும் நல்லாருக்குன்னு சொல்லச் சொல்லுக்கா..."

இந்த முறை நான் வாயைத் திறப்பதாக இல்லை.